வள்ளி: ஒரு பெயரின் வரலாறு

வைத்தியர் வள்ளி, பழைய மாணவி

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, பெண்களின் சுகநலம் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியர்களிடம் வழக்கமாகக் கேட்கப்படுவது அதுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடந்த ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பாடசாலை அலுவலகத்தில் பழைய சேர்விடாப்பு ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. அதன் பிறகு வேறொன்றும் எழுத மனம் வரவில்லை.

இடப்பெயர்வுகளுக்கும் கறையானுக்கும் தப்பிய இடாப்பு அது. 1930களில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் அழகான சாய்ந்த எழுத்தில் உள்ளன. என் அப்பாச்சி இங்கு படித்தவர் என்பது எனக்குத் தெரியும். அவரின் பெயரைத் தேடினேன். கிடைத்தது: வள்ளியம்மை. தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த திகதி, ஐந்தாம் வகுப்போடு விலகிய திகதி. விலகிய காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டில் நிறுத்தப்பட்டார்' என்று இரண்டே சொற்கள்.

அதே பக்கத்தில், ஏழு வரிகள் கீழே, இன்னொரு பெயர் இருந்தது: வள்ளி. அவ்வளவுதான். 'அம்மை' இல்லை. சேர்ந்து நான்கு மாதத்தில் அந்தப் பிள்ளை விலகியிருக்கிறார். காரணத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

என் பெயரும் வள்ளிதான், அம்மை இல்லாத வள்ளி. அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கிழங்கும் கொடியும்

ஆறாம் ஆண்டில் இப்பாடசாலைக்கு வந்தபோது என் வகுப்பில் இருந்தவர்கள் தர்ஷினி, சுபாஷினி, நிரோஷினி, தர்ஷிகா. ஆசிரியை இடாப்புக் கூப்பிட்டு 'வள்ளி' என்றதும் பின்வாங்கிலிருந்து 'கிழங்கு' என்று ஒரு குரல் வரும். அக்குரலுக்குச் சொந்தக்காரி இன்று ரொறன்ரோவில் இருந்து இதை வாசிப்பாள். அவள் என் உற்ற சிநேகிதி, ஆகவே கோபமில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அப்பாச்சி அன்று இராசவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு, ஊதா நிறத்தில் காய்ச்சித் தந்தார். "குடிச்சுப்போட்டுச் சொல்லு, கிழங்கு எண்டா கூடாததோ?" என்று கேட்டார்.

கூடாததல்ல. வள்ளி என்பது தமிழில் கொடியைக் குறிக்கும். குறிப்பாக, நிலத்துக்குக் கீழே கிழங்கு வைத்து மேலே சுற்றிப் படரும் கொடியைக் குறிக்கும். புறநானூற்றின் 109 ஆம் பாடலில் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரைப் பார்த்துக் கபிலர், உழவர் உழாமலே இந்த மலை நான்கு பயன்களைத் தரும் என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பனவே அந்நான்கும். ஏர் பூட்டாத மக்களுக்கு முற்றுகைக் காலத்திலும் சோறாக நின்ற கிழங்கு அது. பிற்காலத்தில் தென் அமெரிக்காவில் இருந்து கடல் கடந்து வந்த கிழங்குச் செடிக்கும் தமிழர் 'மரவள்ளி' என்றே பெயரிட்டனர். மரம்போல நிற்கும், வள்ளிபோலக் கிழங்கு தரும். எழுபதுகளின் பஞ்ச காலத்திலும் பின்னர் போர்க் காலத்திலும் மரவள்ளி எத்தனை வீடுகளின் அடுப்பை எரிய வைத்தது என்பது எம் தலைமுறைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வடமொழியிலும் 'வல்லீ' என்றால் கொடி. அதிலிருந்து வந்தவை அமுதவல்லி, மரகதவல்லி, கோமளவல்லி போன்ற பெயர்கள். அவற்றில் வல்லி என்பது ஒரு பின்னொட்டு. முன்னால் அமுதமோ மரகதமோ நின்றால்தான் பெயர் நிறையும். வள்ளி அப்படியன்று. தனியாகவே நிற்கும்.

மலையில் இருந்த பெண்

சங்கப் பாடல்களில் வள்ளி வருகிறாள். நற்றிணையின் 82 ஆம் பாடலில் ஒரு தலைவன் தன் காதலியை, முருகனைச் சேர்ந்த வள்ளியோடு ஒப்பிடுகிறான். விளக்கம் எதுவும் தரப்படவில்லை. கேட்பவருக்கு அவளைத் தெரியும் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்ட உவமை அது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனின் ஆறு முகங்களுக்கும் ஒவ்வொரு தொழில் சொல்கிறார். உலகுக்கு ஒளி தருவது ஒன்று, வரம் தருவது ஒன்று, வேள்வியைக் காப்பது ஒன்று என்று போய், ஒரு முகத்தைக் குறவர் மகளாகிய வள்ளியோடு மகிழ்ந்திருப்பதற்கென்றே ஒதுக்குகிறார்.

என்னை மிகவும் கவர்ந்தது பரிபாடலின் 9 ஆம் பாடல். குன்றம்பூதனார் பாடியது. திருப்பரங்குன்றத்தில் தேவசேனையின் தோழியரும் வள்ளியின் தோழியரும் பிணங்கிக்கொள்கிறார்கள். அதற்கு முன் புலவர் ஒரு வாதத்தை வைக்கிறார். பெற்றோர் கொடுப்பக் கொள்ளும் மணத்தைவிட, தானே கண்டு தானே விரும்பும் களவு மணம் சிறந்தது. அதன் சிறப்பு, தமிழின் பொருளிலக்கணத்தை ஆராயாதவருக்கு விளங்காது. இவ்வாதத்துக்கு அவர் காட்டும் சாட்சி வள்ளிதான். தேவருலகத்து மகளான தேவசேனை முறைப்படி கொடுக்கப்பட்டவள். தினைப்புனம் காத்த குறப்பெண் தானே தெரிந்தெடுத்தவள்.

சிலப்பதிகாரத்திலும் ஓர் இடம் உண்டு. மதுரையை விட்டு வந்து வேங்கை மரத்தின் கீழே நின்ற கண்ணகியைக் கண்ட குறவர், வள்ளியைப் போன்றவரே, நீர் யார் என்று கேட்கிறார்கள். கணவனையும் மார்பையும் இழந்து நின்ற ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு அவர்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை, தங்கள் பெண் ஒருத்தியின் பெயர்தான்.

இந்நூல்கள் எதிலும் வள்ளி குறவர் மகள். அதற்கு மேலே எந்தப் பெருமையும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

புராணம் கொடுத்த பிறப்பு

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவுறுகிறது. கதை எல்லோருக்கும் தெரிந்தது. தொண்டைநாட்டு மேற்பாடிக்கு அருகில் வள்ளிமலையில், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது. வேடர் தலைவனான நம்பியும் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். குழியை வைத்தே பெயரும் வைக்கிறார்கள். பிறகு தினைப்புனம், பரண், வேடனாக வந்த முருகன், வேங்கை மரம், கிழவன் வேடம், யானையாக வந்த அண்ணன்.

ஆனால் புராணம் ஒன்றைச் சேர்க்கிறது. வள்ளி உண்மையில் வேடர் மகளல்ல. திருமாலின் புதல்வியாகிய சுந்தரவல்லி, முருகனை அடையத் தவம் இருந்து, மானின் வயிற்றில் வந்து பிறந்தவள். அவளின் அக்கா அமுதவல்லியே தேவயானை. சைவ சித்தாந்தம் வள்ளியை இச்சா சக்தி என்றும் தேவயானையைக் கிரியா சக்தி என்றும் கொண்டு இதற்கு ஆழமான பொருள் தந்தது. அந்தத் தத்துவத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் வரலாற்றுக் கண்ணோடு பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. குறவர் மகளாக இருந்தவளைக் கோயில் மூலஸ்தானத்தில் வைப்பதற்கு அவளுக்கு ஓர் உயர்ந்த பிறப்புத் தேவைப்பட்டிருக்கிறது. வள்ளி வள்ளியம்மை ஆனது அங்கேதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் புராணத்துக்குக் கிடைத்த இடம் வேறெங்கும் கிடைக்கவில்லை எனலாம். கோயில்களில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இந்த மண்ணின் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தார். ஆகவே எங்கள் பெண்களிடையே வள்ளியம்மை, வள்ளிநாயகி, வள்ளிப்பிள்ளை என்ற பெயர்கள் நிறைந்ததில் வியப்பில்லை. ஆண்களுக்குக்கூட வடமராட்சியின் ஆழ்வார் கோயில் ஊரை வைத்து வள்ளிபுரம் என்று பெயர் இட்டார்கள். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது வழக்கம். பேத்தி, பேரன் என்ற சொற்களே 'பெயர்' என்பதில் இருந்து வந்தவைதாம்.

'அம்மை' யாருக்கு?

இங்கேதான் அந்த இடாப்புப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

எமது சமூகத்தில் பெயரின் பின்னொட்டு வெறும் அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. ஒரே முருகனின் பெயர், ஒரு வீட்டில் கந்தையா, இன்னொரு வீட்டில் கந்தன். ஒரே அம்மனின் பெயர், ஒரு வளவில் வள்ளியம்மை, வேலிக்கு அப்பால் வள்ளி. ஐயாவும் அம்மையும் பிள்ளையும் எவருக்கு உரியன என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு முழுப்பெயர் வைத்தால், அதை ஊரவர் அழைக்கமாட்டார்கள். பதிவில் இருந்தாலும் வாயில் குறைந்துவிடும். குறைந்த பெயரைக் கேட்டாலே ஆளை எங்கே நிறுத்துவது, எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டாவது வள்ளியின் பெயர் தற்செயலாகக் குறுகியது என்று நான் நினைக்கவில்லை. ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு, ஒரே தெய்வத்தின் பெயர். ஒருவருக்கு அம்மை இருந்தது, ஐந்தாம் வகுப்பு வரை படிப்பும் இருந்தது. மற்றவருக்கு இரண்டும் இல்லை. அம்மை இருந்தவரும் பெண் என்பதால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் உள்ள முரணை எம் முன்னோர் கவனிக்கவில்லையா? புராணத்தில் முருகன் தேடிப் போனது வேடர் சேரிக்கு. அவன் தண்ணீர் கேட்டுக் குடித்தது வேடர் மகளின் கையில். அக்கதையைக் கண்ணீர் மல்கக் கேட்டவர்களே, வள்ளி என்று பெயர் உள்ள பிள்ளையைக் கோயில் வெளிவீதியில் நிறுத்தினார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. வள்ளியின் கணவன் கோயிலுக்குள் வள்ளியின் உறவுகள் போகமுடியாமல் இருந்தார்கள்.

நான் பிறந்தபோது அப்பாச்சியின் பெயரையே எனக்கு வைப்பதென்று முடிவாயிற்று. பதிவுக்குப் போன அப்பா 'வள்ளி' என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அவர் ஓர் ஆசிரியர். மாவிட்டபுரப் போராட்டக் காலத்தில் மாணவராக இருந்தவர். அப்பாச்சிக்குப் பெரிய கோபம். "என்ரை பேரில அம்மையை ஏனடா வெட்டினனி?" என்று கேட்டாராம். "வேடர் வைச்ச பேர் அதுதானே அம்மா. அவையளுக்கு அது காணுமா இருந்தது" என்று அப்பா சொன்னாராம். சில மாதங்கள் அப்பாச்சி என்னைப் 'பிள்ளை' என்று மட்டுமே கூப்பிட்டார். இந்தக் கதையை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. அதுவரை என் பெயர் பழமையானது என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு இருந்தது. அது ஒரு முடிவு என்பது தெரியாது.

கதிர்காமத்து வள்ளி

என் பெயருக்கு இன்னொரு வீடு இருப்பதைத் தொழிலே காட்டித் தந்தது. பயிற்சிக் காலத்தில் தென்பகுதி வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றினேன். பேரக் குழந்தையோடு வந்த சிங்கள மூதாட்டி ஒருவர் என் பெயரைக் கேட்டார். வள்ளி என்றேன். "வள்ளி அம்மா!" என்று இரு கைகளையும் கூப்பினார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவருக்கு அது தமிழ்ப் பெயரல்ல. அவர் ஊருக்குப் பக்கத்துத் தெய்வத்தின் பெயர்.

கதிர்காமத்தில் வழங்கும் கதையில் வள்ளி அந்தக் காட்டில் வேடர் வளர்த்த பெண். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள், கதிர்காமத் தெய்வத்தைத் தம் குலப் பெண்ணை மணந்தவன் என்று உரிமை கொண்டாடுவர். அங்கே மகா தேவாலயம் ஒரு முனையிலும் வள்ளியம்மன் கோயில் நீண்ட வீதியின் மறுமுனையிலும் இருக்கின்றன. தெய்வானை அம்மன் கோயில் மகா தேவாலயத்துக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் ஆடித் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் யானை மீது எழுந்தருளும் பெரஹரா போவது வள்ளி கோயிலுக்குத்தான். பக்கத்தில் இருப்பவளை விட்டு, தூரத்தில் இருப்பவளைத் தேடித் தெய்வம் போகிறது. தமிழரும் சிங்களவரும் வேடரும் அந்த வீதியில் ஒன்றாக நிற்பார்கள். வள்ளி கோயிலுக்கு அருகில் பள்ளிவாசலும் உண்டு. பரிபாடல் படித்தவர்களுக்கு அந்த ஊர்வலம் பழைய வழக்கொன்றின் தீர்ப்பைப் போலத் தோன்றும்.

இன்னொரு வள்ளியம்மையையும் இங்கு நினைக்க வேண்டும். தில்லையாடி வள்ளியம்மை 1898 இல் தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்தவர். 1913 இல் இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களை எதிர்த்து, காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்களோடு எல்லை கடந்து நடந்து சிறை சென்றார். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பெப்ரவரி 22 இல் இறந்தார். வயது 16. எமது சாதாரண தர வகுப்புப் பிள்ளைகளின் வயது.

கைப்பட்டியில் ஒரு பெயர்

நான் குழந்தை வைத்தியர். பிறந்த குழந்தைக்குப் பெயர் இல்லாத முதல் நாட்களில் அதன் கைப்பட்டியில் தாயின் பெயரைத்தான் எழுதுவோம். 'இன்னாருடைய குழந்தை' என்று. ஒரு பெண்ணின் பெயர் இவ்வளவு முக்கியமாக வேறெங்கும் எழுதப்படுவதில்லை. பிறகு குழந்தைக்குத் தகப்பனின் பெயர் முதலெழுத்தாக வரும். தாய் திருமதி ஆவார். பாட்டியின் பெயர் மரண அறிவித்தலில் ஒரு தடவை அச்சாகும். அதற்கு அடுத்த தலைமுறை அதைக் கேட்டிருக்காது. எம்மில் எத்தனை பேருக்கு அம்மம்மாவின் அம்மாவுடைய பெயர் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என் மகளின் பெயர் வள்ளியல்ல. வைத்த பெயருக்குப் பின்னால் யார் நின்றார்கள், யார் நிற்க விடப்படவில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்பதே வேண்டுகோள்.

பழைய மாணவிகள் சங்கத்திடமும் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். அந்தச் சேர்விடாப்பு நன்றாகப் பழுதடைந்துவிட்டது. தாள்கள் விரலில் உதிர்கின்றன. நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படமாக்கிப் பாதுகாக்க வேண்டும். அதற்கான செலவில் என் பங்கைத் தருகிறேன். பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது, பாடசாலையை முடித்துச் சென்றவர்களை மட்டும் சேர்க்காமல், சேர்ந்து இடையில் நின்றுபோனவர்களையும் சேர்க்க வேண்டும். நான்கு மாதம் படித்தவரும் இப்பாடசாலையின் மாணவிதான்.

இரண்டாவது வள்ளியின் ஊரும் தகப்பன் பெயரும் இடாப்பில் உள்ளன. அவற்றை இங்கு அச்சிடுவது முறையல்ல என்பதால் விட்டிருக்கிறேன். இந்த மலரை எங்கிருந்து வாசிப்பவரானாலும், உங்கள் அம்மம்மாவோ அப்பாச்சியோ 1930களில் எமது பாடசாலைக்குச் சில மாதங்கள் மட்டும் வந்து போனதாக வீட்டில் யாரும் சொல்லக் கேட்டிருந்தால், சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் அப்பாச்சியின் வகுப்புத் தோழியின் குடும்பத்தைச் சந்திக்க விரும்புகிறேன்.